தம்பி இருந்த ஒருசந்தி

என் தம்பி தபசு காலம் முழுக்க ஒருசந்தி இருக்கிறான் என்று ஒரு வருஷம் எங்கள் தெருவே பெருமைப்பட்டது. தூத்துக்குடியில் கடற்கரையை ஒட்டிய கத்தோலிக்கத் தெரு எங்களுடையது. ஈஸ்டருக்கு முந்தைய தபசு நாட்களில் ஒரு நேரம் மட்டும் வயிறாரச் சாப்பிட்டு மற்ற நேரங்களில் வயிற்றைக் காயப்போடுவதுதான் ஒருசந்தி. பெரியவர்களே அதைப் பாதியில் விட்டுவிடுவார்கள். காலையில் ஒருசந்தி என்று சொல்லிவிட்டு நாலு மணிக்கு மிக்சர் பொட்டலம் பிரித்த புண்ணியவான்களை எனக்கு நன்றாகத் தெரியும். இருபத்திரண்டு வயதிலும் சட்டைப் பொத்தானை மாற்றிப் போடுகிற ஒருவன் அதை விடாமல் இருந்தால் தெரு பெருமைப்படாமல் என்ன செய்யும்?

எனக்கும் அவன் விஷயத்தில் பெருமை உண்டு, இன்றைக்கும் உண்டு. ஆனால் அது அந்தப் பெருமை அல்ல.

தம்பி பிறவியிலேயே புத்தி மெதுவாக வளர்ந்தவன். நடந்ததும் பேசியதும் எல்லாப் பிள்ளைகளையும்விட ரொம்பப் பிந்தித்தான். பள்ளிக்கூடத்தில் ஒரு வருஷம் உட்காரவைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். தெருவில் சிலர் மந்தம் என்பார்கள், இரக்கப்பட்டவர்கள் மாதா பிள்ளை என்பார்கள். அவன் இரண்டுக்கும் திரும்பிப் பார்த்து ஒரே மாதிரிச் சிரிப்பான்.

ஆனால் எங்கள் வீட்டில் வாயும் வயிறும் அவனுக்குத்தான் அதிகம். சாளைமீன் குழம்பு கொதிக்கிற வாசம் வந்துவிட்டால் குசினி வாசலை விட்டு நகரமாட்டான். யார் தட்டில் எந்த மீன் விழுகிறது என்று கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருப்பான். என் தட்டில் பெரிதாக ஒன்று விழுந்துவிட்டால் போதும், "அக்கா திருடி" என்று தெருமுனை வரைக்கும் கேட்கிற மாதிரி அறிவிப்பான். குழாயடியில் எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் சேர்த்துத் தண்ணீர் சுமப்பான். யாராவது குடத்தைத் தொட்டால் சண்டைதான். அப்பா தோணியில் தண்டல், அதாவது தோணியை நடத்திப் போகிறவர். வெங்காயமும் மிளகாயும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போய் வருவார். தோணி திரும்பும்போதெல்லாம் தம்பி கரையில் நிற்பான். அப்பாவின் துணிமூட்டையை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு, பிஷப் வருகிற மாதிரி நடுத்தெருவில் நடந்து வீட்டுக்கு வருவான்.

இதற்கெல்லாம் மேலே கட்டை. ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழக்கிழமைப் பூசையோடு கோயில் மணியை நிறுத்திவிடுவார்கள். ஈஸ்டர் பூசை வரைக்கும் மணியோசை கூடாது. அதற்குப் பதில், கைப்பிடி வைத்த பலகையில் மரச்சுத்தியல் இரண்டு பக்கமும் விழுந்து அடிக்கிற ஒன்றை ஆட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போய் ஆட்களைக் கோயிலுக்குக் கூப்பிட வேண்டும். எங்கள் பக்கம் அதைக் கட்டை என்றே சொல்வோம். கோயில் காரியங்களைப் பார்க்கிற உபதேசியார், தம்பிக்கு மீசை அரும்பிய வருஷம் அதை அவன் கையில் கொடுத்தார். அதன்பிறகு வேறு யாரும் அதைத் தொடமுடியவில்லை. பெரிய வெள்ளி ஊர்வலத்தில் ஊரே வாய்மூடி நடக்கும்போது முன்னால் அவன் கட்டை மட்டும் பேசிக்கொண்டு போகும். நான் கூட்டத்துக்குள் இருந்துகொண்டு, அது என் தம்பி என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன், கணக்கே இல்லை. ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நான் சொல்கிற வருஷம், புதுத் துறைமுகத்துக்காகக் கடலில் கல் கொட்டிக்கொண்டிருந்த காலம். நான் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீஸில் டைப் அடிக்கிற வேலையில் இருந்தேன். அப்பாவின் தோணி பாய்மரம் ஒடிந்து, பழுதுபார்ப்பதற்காகக் கொழும்பிலேயே நின்றுவிட்டது. இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று ஆள் மாற்றி ஆள் சேதி சொன்னார்கள். தம்பி தினமும் கரைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். பிறகு போவதை நிறுத்திவிட்டான். அதே சமயத்தில் விபூதிப் புதன் வந்தது, தபசு காலம் தொடங்கியது.

பூசைக்குப் போய் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வந்த தம்பி, காலைச் சாப்பாட்டைத் தள்ளிவைத்தான். அம்மாவுக்கு முதலில் புரியவில்லை. பிறகு தட்டைப் பார்த்தாள், அவன் நெற்றியில் இருந்த சாம்பல் சிலுவையைப் பார்த்தாள், கண் கலங்கிவிட்டது. எம் மவனும் ஒருசந்தி இருக்கான் என்று பக்கத்து வீட்டில் போய்ச் சொன்னாள். அது உபதேசியார் காதுக்குப் போய், அவர் வாயிலிருந்து கோயில் முழுக்கப் பரவியது. உங்களுக்கெல்லாம் புத்தி முழுசாக இருந்து என்ன பிரயோசனம் என்று ஒன்றிரண்டு குடிகாரர்களை அவர் இவனைக் காட்டித் திட்டினதாகக்கூடக் கேள்வி.

எங்கள் அம்மாவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அவள் கோயிலில் வாய் திறந்து பாட்டுக்கூடப் பாடமாட்டாள். தம்பி பிறந்ததிலிருந்து, என்ன பாவம் செய்தாளோ என்கிற பார்வையை வாங்கி வாங்கிக் கழுத்தே குனிந்துபோனவள். அந்த ஒரு தபசு காலத்தில்தான் அவள் தலை நிமிர்ந்தது. அதை யார் கெடுப்பார்கள்? பெண்கள் வந்து தம்பியின் தலையைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

அவன் விடியும் முன்னே எழுந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். செபம் சொல்கிறான் என்றார்கள். பேச்சு குறைந்துகொண்டே வந்தது. மௌனம் காக்கிறான் என்றார்கள். சிலுவைப்பாதை நடக்கும்போது காரணமில்லாமல் அழுதான், ஆண்டவருடைய பாடுகளை நினைத்து அழுகிறான் என்றார்கள். குளிக்கமாட்டேன் என்றான். தன் மணிக்கட்டைத் தானே கடித்து ரணமாக்கிக்கொண்டான், அதற்கும் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். ஒன்றுக்கும் பெயர் வைக்கத் தெரியாதபோது, அவன்தான் அப்படிப் பிறந்தவனாச்சே என்றார்கள். புண்ணியத்தில் சேராதது எல்லாம் பிறவிக் கணக்கில் சேர்ந்தது. கால்சட்டை இடுப்பில் நிற்காமல் சணல் போட்டுக் கட்டினோம்.

பெரிய வியாழக்கிழமை நான் ஆபீஸுக்குப் பாதி நாள் லீவு போட்டுவிட்டு வந்தேன். உபதேசியார் கட்டையைக் கொண்டுவந்து தம்பி முன்னால் வைத்தார். அவன் அதைப் பார்த்தான். கை நீளவில்லை. அவர் எடுத்து மடியில் வைத்தார். அவன் அதை மெதுவாகக் கீழே இறக்கி வைத்துவிட்டு, வேண்டாம் என்றான்.

கட்டையைப் பார்த்து வேண்டாம் என்று சொன்னது யார்? காய்ச்சலோடு போன வருஷம் அதை அடித்தவன். அடிக்கவிடாமல் போர்வையைப் போட்டு மூடியதற்கு என் கையைக் கடித்தவன். இது தபசு என்றால் நான் மனுஷியே இல்லை என்று நினைத்தேன். உபதேசியார் போனதும் அம்மாவிடம் சத்தம் போட்டேன். நான் கோபப்பட்டால் நல்லதாக நாலு வார்த்தை வராது, அன்றைக்கு ஒன்று வந்தது.

"ஒருசந்தி இருக்கவனுக்குப் பசிக்கும்மா. பசிய அடக்குததுதான் ஒருசந்தி. இவனுக்குப் பசியே இல்லயே, பாக்கலயா நீ?"

அம்மா குசினிக்குள் போய்த் தட்டில் சோறு போட்டுக் கொண்டுவந்தாள். அந்த நேரத்தில் கோயிலுக்குப் போகிற வழியில் யாராவது பார்ப்பார்களே என்று கதவைக்கூடச் சாத்தவில்லை. ஊட்டிப் பார்த்தாள். சோறு அவன் வாயிலேயே நின்றது, முழுங்குவதற்குக்கூட அவனுக்கு மனசில்லை. அவள் வலது கையில் சோறும் இடது கையில் அவன் தாடையுமாக அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் பெரிய வெள்ளி என்றும் பாராமல் நானும் அம்மாவும் அவனை டவுனில் ஒரு பெரிய டாக்டரிடம் கூட்டிப்போனோம். அவர் நல்ல மனிதர்தான், எங்களை உட்காரச் சொன்னார், தம்பி கன்னத்தைத் தட்டினார். நாக்கைப் பார்த்தார், வயிற்றை அமுக்கினார். இந்த மாதிரிப் பிள்ளைகள் இப்படித்தான் இருக்கும், வயது ஏற ஏற இன்னும் மங்கும், நீங்கள்தான் மனதைத் தேற்றிக்கொள்ள வேண்டும் என்றார். பசிக்கு ஒரு டானிக் எழுதினார். இரண்டு மாசத்துக்கு முன்னால் வரைக்கும் இவன் இப்படி இல்லை என்றேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். ஆசையில் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்போல. நான் டானிக் பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்து, அதை உடைத்தால் என்ன என்று யோசித்தேன். கொடுத்த காசு ஞாபகம் வந்ததால் உடைக்கவில்லை. அன்று ஊர்வலத்தில் கட்டையை வேறொருவர் ஆட்டினார். நாங்கள் மூன்று பேரும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்து கேட்டோம்.

அப்பா வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று மட்டும் அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள். நானும் அதைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஈஸ்டருக்கு முதல் நாள் சாயங்காலம் தோணி வந்துவிட்டது என்று ஆள் வந்து சொன்னார். அம்மா தம்பியை எழுப்பி உட்காரவைத்து, அப்பா வாராவ, கரைக்குப் போகலயா என்றாள். அவன் மறுபடியும் படுத்துக்கொண்டான். அப்பா மூட்டையைத் தானே சுமந்துகொண்டு வந்தார். வாசலில் நின்று, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தவனைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார்.

"ஏளா, எம் மவன் எங்க?" என்றார்.

இங்கனதான இருக்கான் என்று அம்மா கையைக் காட்டினாள். அப்பா மூட்டையைக் கொண்டுபோய் அவன் பக்கத்தில் வைத்தார். அதற்குள் அவனுக்குப் பிடித்த பேரீச்சம்பழமும் ஒரு விசிலும் இருந்தன. எடுத்துக் காட்டினார். அவன் திரும்பவில்லை. எங்கள் அப்பா அழுது நான் பார்த்தது அன்று ஒரு தடவைதான். தினமும் பக்கத்திலிருந்து பார்த்த எங்களுக்கு அவன் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைந்திருந்தான். ஒரேயடியாகப் பார்த்தவருக்குத்தான் எவ்வளவு போய்விட்டது என்று தெரிந்தது.

உடம்பில் டாக்டர் ஒரு சீக்கும் கண்டுபிடிக்கவில்லை, அப்பா வந்தும் அவன் எழும்பவில்லை, அப்படியென்றால் இது மனசில் இருக்கிற சீக்கு என்று எனக்குப் பட்டது. ஆபீஸில் ஒருவருடைய அண்ணனுக்குத் திருநெல்வேலி பெரிய ஆஸ்பத்திரியில் மனநோய்க்குப் பார்த்துக் குணமான கதை எனக்குத் தெரியும். அங்கே போவோம் என்றேன். உறவுக்காரர்கள், பேய் ஓட்டுகிற கோயில் ஒன்றைச் சொல்லி, கொஞ்ச நாள் அங்கே கொண்டுபோய்க் கட்டிப்போடச் சொன்னார்கள். இன்னும் சிலர், இருக்கிற குறை போதாதென்று பைத்தியக்கார டாக்டர் வேறயா, உனக்கு நாளைக்குக் கல்யாணம் காட்சி வேண்டாமா என்று என்னிடமே கேட்டார்கள். என் தம்பியைப் பட்டினி போட்டுத்தான் எனக்குக் கல்யாணம் என்றால் அந்த மாப்பிள்ளையை நீங்களே கட்டிக்கொள்ளுங்கள் என்றேன். அப்பா அதைக் கேட்டும் என்னைக் கண்டிக்கவில்லை.

ஈஸ்டர் முடிந்ததும் நாலு பேரும் பஸ் ஏறினோம். அந்த டாக்டருக்கு அதிக வயதில்லை. முதலில் தம்பியிடம் பேசினார். பதில் வரவில்லை, ஆனாலும் பதில் வருகிற அளவுக்கு நேரம் கொடுத்துக் காத்திருந்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். எத்தனை வயதில் நடந்தான், பேசினான் என்று கேட்பார் என்று நாங்கள் தயாராக இருந்தோம். அவர் கேட்டது வேறு.

"இவர் நல்லா இருந்தப்போ எப்படி இருப்பார்?"

அவர் என்று அதுவரை என் தம்பியை யாரும் சொன்னது கிடையாது. அதைவிட, அவன் நன்றாக இருந்தான் என்று நினைத்து யாரும் எங்களைக் கேட்டதே கிடையாது. அப்பா என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா பேசத் தொடங்கிவிட்டாள். கோயிலில் பாட்டுக்கூடப் பாடாத அம்மா. குழாயடிக் குடத்திலிருந்து தொடங்கினாள். மீனைக் கண்காணிக்கிறது, அக்காவைத் திருடி என்கிறது, அப்பா மூட்டையை யாரும் தொடக்கூடாது என்கிறது, கட்டையை இரண்டு பக்கமும் ஒரே சீராக விழவைக்கிறது, தூங்கினால் இடி விழுந்தாலும் எழும்பாதது. இருபது வருஷமாக உள்ளே பூட்டி வைத்திருந்த பெருமை எல்லாம் அந்த மேஜைமேல் கொட்டியது. எனக்குச் சிரிப்பும் அழுகையுமாக வந்தது. டாக்டர் குறுக்கே பேசவில்லை.

அவள் முடித்ததும், இப்போது இதில் எது மிச்சம் இருக்கிறது என்று கேட்டார். அம்மா யோசித்தாள். ஒண்ணும் இல்ல டாக்டரய்யா என்றாள்.

அவர் சொன்னதை நான் இன்றுவரை மறக்கவில்லை. "பிறவியில வந்தது ஒண்ணு, இது வேற. கால் ஊனமா பிறந்தவருக்குக் காய்ச்சல் வராதா? வந்தா காலைக் காரணம் சொல்லிட்டு விட்டுடுவோமா? இவருக்கு மனச்சோர்வு நோய் வந்திருக்கு. எனக்கு மனசு சரியில்லைன்னு சொல்ல இவருக்குத் தெரியாது. அதனால மத்தவங்களோட ஒப்பிட்டுப் பார்க்காதீங்க, நேத்து இருந்த இவரோடேயே ஒப்பிட்டுப் பாருங்க."

அப்பா வராமல் போனதில் இது தொடங்கியிருக்கலாம், ஆனால் இப்போது தனியாக வேர் பிடித்துவிட்டது, அவர் வந்ததனால் மட்டும் போகாது, மாத்திரை வேண்டும் என்றார். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் ஆளே மிஞ்சியிருக்கமாட்டார் என்றும் சொன்னார். அப்பா மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

கொஞ்ச நாள் அங்கேயே படுக்கவைத்துத் தெம்பு ஏற்றி அனுப்பினார்கள். வீட்டில் அம்மா மாத்திரையைப் பொடித்து, மக்ரூன் என்கிற முந்திரிப் பலகாரத்துக்குள் வைத்துக் கொடுத்தாள். தெருவில் ஒருசந்திப் பேச்சு அடங்கி, பைத்திய மாத்திரைப் பேச்சு தொடங்கியது. தலையைத் தொட்டுக் கும்பிட்டவர்கள் இப்போது பிள்ளைகளை எங்கள் வாசல் பக்கம் விளையாடவிடவில்லை. அம்மா மறுபடி குனிந்துவிடுவாளோ என்று பயந்தேன். அவள் குனியவில்லை. அவளுக்கு வேறு வேலை இருந்தது, அவன் எத்தனை வாய் தின்கிறான் என்று பார்க்கிற வேலை.

மாத்திரை உடனே கேட்கவில்லை. முதலில் தூக்கம் திரும்பியது. பிறகு மணிக்கட்டுப் புண் ஆறியது. ஒரு நாள் தானாகவே போய்க் குழாயடியில் நின்றுவிட்டு, வெறுங்கையோடு வந்தான். வெறுங்கையோடு என்றாலும் போனானே என்று இருந்தது. இவ்வளவுதான் வரும் போலிருக்கிறது என்று நான் நினைக்கத் தொடங்கியிருந்த நேரத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மா சாளைக்குழம்பு வைத்தாள். நான் தட்டில் சோறு போட்டு, சட்டியில் இருந்ததிலேயே பெரிய மீனாக ஒன்றை எடுத்து வைத்தேன். உள்ளே படுத்திருந்த இடத்திலிருந்து சத்தம் வந்தது.

"அக்கா திருடி."

அம்மாவின் கையிலிருந்த அகப்பை கீழே விழுந்தது. என் வாழ்க்கையில் அதற்குப் பிறகு எத்தனையோ பேர் என்னை எத்தனையோ விதமாகப் பாராட்டியிருக்கிறார்கள். அந்த ஒரு வசவுக்கு ஈடாக ஒன்றும் கிடையாது. தட்டோடு கொண்டுபோய் அவன் முன்னால் வைத்தேன். தின்றான். முள்ளை எடுத்து என் பக்கம் தள்ளினான்.

அதற்குப் பிறகு அம்மா ஒரு மாதிரி ஆகிவிட்டாள். இந்த மாதிரிப் பிள்ளை இருக்கிற வீடு எங்கள் கரையில் எங்கே இருந்தாலும் அவளுக்குத் தெரியும். பிள்ளை முரண்டு பிடிக்கிறான், அழுகிறான், அப்படித்தானே பிறந்தான் என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், முந்தி எப்படி இருந்தான் என்று கேட்பாள். கேட்டுவிட்டு, அவர்கள் சொல்லி முடிக்கிற வரைக்கும் நகராமல் நிற்பாள். அவள் சொல்லித் திருநெல்வேலிக்கு பஸ் ஏறின வீடுகள் உண்டு. பைத்திய மாத்திரை என்று பேசிய வீடுகளில் ஒன்றும் அதில் சேர்த்தி.

மறுவருஷம் தபசு காலம் வந்தது. விபூதிப் புதனன்று உபதேசியார் தம்பியின் தோளைத் தட்டி, இந்த வருஷமும் ஒருசந்தி உண்டுதானே என்று கேட்டார். நல்ல மனதோடுதான் கேட்டார்.

பெரிய வியாழக்கிழமை அவர் கட்டையைக் கொண்டுவருவதற்குள் தம்பியே கோயிலுக்குப் போய் எடுத்துவிட்டான். மறுநாள் பெரிய வெள்ளி ஊர்வலம். யாரும் கடலுக்குப் போகவில்லை, தெருவில் ஒரு வீட்டிலும் அடுப்பு மூட்டவில்லை. பசியிலும் வெயிலிலும் வாடிப்போய் ஊரே வாய்மூடி நடந்தது. முன்னால் என் தம்பி, கால்சட்டை இடுப்பில் இறுக்கமாக நிற்க, கட்டையை ஆட்டிக்கொண்டு போனான். நானும் பழையபடி பக்கத்தில் நடந்தவர்களிடம் அது என் தம்பி என்று கிசுகிசுத்துக்கொண்டே போனேன்.

எங்கள் வீட்டு முன்னால் வந்ததும் கட்டை நின்றுவிட்டது. ஊர்வலமே நின்றது. போன வருஷம் அவன் சொன்ன வேண்டாம்தான் எனக்கு ஞாபகம் வந்தது. அவன் திரும்பி, கூட்டத்துக்குள் அம்மாவைத் தேடிப்பிடித்து, அந்த நிசப்தத்தில் உரக்கக் கேட்டான்.

"எம்மா, ராத்திரிக்கு என்ன கொழம்பு?"

உபதேசியார் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். பெண்கள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்கள். ஊர் மொத்தமும் ஒருசந்தி இருக்கிற நாளில், சிலுவைக்கு முன்னால் நின்றுகொண்டு, பாட்டுக்கூடப் பாடாத எங்கள் அம்மா தலையை நிமிர்த்தி, கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரிப் பதில் சொன்னாள்.

"நேத்து வச்ச சாளைக் கொழம்பு இருக்குலே. சட்டியோட ஒனக்குத்தான்."

அவன் தலையாட்டிவிட்டுக் கட்டையை ஆட்டத் தொடங்கினான்.